அப்பா ஃபீல்டுல இருக்கார்

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் இங்கே தருகிறோம்.)



என்னைக் கூப்பிட வந்தவங்க, "டீச்சர், சேமிப்பு, உள்கடன், பேங்க் லோன் இதெல்லாம் நாங்க பேசிக்கிறோம். நீங்க பிள்ளைங்க படிப்பைப் பத்திப் பேசுங்க"ன்னு சொன்னாங்க. பிள்ளைங்க படிப்பு பெரிய கடல். நான் அதுல ஒரு ஓரத்தை மட்டும் பேசப் போறேன். ராணுவத்துலயும், சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். மாதிரி படைகள்லயும் வேலை பார்க்கிறவங்களோட பிள்ளைங்களுக்கு ஒரு தொடக்கப் பள்ளிக்கூடம் என்ன செய்யலாம், நாம என்ன செய்யலாம் என்பதுதான் அது.

இது யாரோ நாலு பேரோட கதைன்னு நினைக்காதீங்க. வீட்டுக்காரரோ, அண்ணன் தம்பியோ, மகனோ படையில இருக்கிறவங்க கொஞ்சம் கையைத் தூக்குங்க பார்ப்போம். பாருங்க, இந்த ஹாலுக்குள்ளேயே எத்தனை கை!

நம்ம புதுச்சேரிக்கு இது இன்னைக்கு நேத்து வந்த விஷயமும் இல்லை. பீச் ரோட்டுல, காந்தி சிலைக்கு எதிர்ல ஒரு நினைவுச் சின்னம் இருக்கு. தினமும் அதைத் தாண்டித்தான் நடக்கிறோம். முதல் உலகப் போர்ல பிரெஞ்சுப் படைக்காகப் போய் உயிரை விட்ட நம்ம ஊர்க்காரங்களுக்காக வச்சது அது. ஒவ்வொரு வருஷமும் ஜூலை 14 அன்னைக்கு அங்கே மாலை வைக்கிறாங்க. சொல்தா குடும்பம்னு நம்ம ஊர்ல சொல்றோமே, அந்த வீட்டு ஆம்பிளைங்க பிரெஞ்சுப் படையில சேர்ந்து சைகோனுக்கும் அல்ஜீரியாவுக்கும் போனவங்க. 1962 ஆகஸ்ட் 16-ல புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்த பிறகும், பிரெஞ்சுக் குடியுரிமையை வச்சுக்கிட்டவங்க பிள்ளைங்க பிரெஞ்சுப் படைக்குப் போனாங்க.

எங்க பாட்டி வீட்டுக்குப் பக்கத்துல அப்படி ஒரு வீடு. அந்த வீட்டு அம்மா வாசல்ல உட்கார்ந்து தபால்காரரைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்களாம். பணம் வந்துடும், கடுதாசிதான் வராதாம். "காசுக்குக் குறைச்சல் இல்லடி. பிள்ளைங்களுக்கு அப்பா மூஞ்சிதான் தெரியாது"ன்னு எங்க பாட்டி சொல்லும். இப்போ தபாலுக்குப் பதிலா செல்போன் வந்திருக்கு. பிள்ளை காத்துக்கிட்டு இருக்கிறது மட்டும் அப்படியே இருக்கு.

நான் டீச்சரா இருந்த காலத்துல செஞ்ச ஒரு தப்பைச் சொல்றேன். அப்போ நான் ரெண்டாங்கிளாஸ் எடுத்துக்கிட்டிருந்தேன். புதுசா ஒரு பையன் வந்து சேர்ந்தான். முதல் நாள் எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் அப்பா என்ன வேலைன்னு கேட்டேன். அவன் எழுந்து, "எங்கப்பா ஃபீல்டுல இருக்கார்"னு சொன்னான். பக்கத்துல இருந்த பொண்ணுக்குச் சொந்த ஊர் பாகூர் பக்கம். அது உடனே, "நெல்லா, கரும்பா?"ன்னு கேட்டுச்சு. கிளாஸே சிரிச்சுது, நானும் சிரிச்சுட்டேன். ஃபீல்டுன்னா குடும்பத்தைக் கூட்டிக்கிட்டுப் போக முடியாத எல்லைப் பக்கத்து இடம்னு எனக்கே அப்புறம்தான் தெரிஞ்சுது.

காலாண்டுப் பரீட்சை முடிஞ்சு ரேங்க் கார்டு கொடுத்தேன். "அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க"ன்னு பழக்கதோஷத்துல சொல்லிட்டேன். எல்லாரும் கொண்டு வந்தாங்க, இவன் மட்டும் கொண்டு வரலை. தினமும் கேட்பேன், தினமும் தலையைக் குனிஞ்சுக்குவான். ஒரு நாள் கொஞ்சம் கடுமையாவே பேசிட்டேன். அதுக்கப்புறம் மூணு நாள் அவன் பள்ளிக்கூடத்துக்கே வரலை.

நாலாம் நாள் அவங்க அம்மா வந்தாங்க. அரிசி டின்னுக்கு அடியில கார்டு இருந்துச்சாம். ஏன்டா ஒளிச்சு வச்சேன்னு கேட்டதுக்கு, "அப்பா பொங்கலுக்கு வருவார்ல, வந்து போடுவார்"னு சொல்லியிருக்கான். அப்போ நடக்கிறது அக்டோபர் மாசம். ஏழு வயசுப் பிள்ளை, மூணு மாசத்துக்கு அந்தக் கார்டைக் காப்பாத்தி வைக்கத் தயாரா இருந்திருக்கான். நான் அவங்க அம்மாகிட்டயும் அவன்கிட்டயும் மன்னிப்புக் கேட்டேன். அன்னைக்கே அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க. பொங்கலுக்கு வந்த அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து, அந்தக் கையெழுத்துக்குக் கீழே, கோடு போடாத இடத்துல தானும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போனார்.

அன்னையிலிருந்து என் கிளாஸ்ல "வீட்டுப் பெரியவங்க கையெழுத்து"ன்னுதான் சொல்வேன். ஒரே ஒரு வார்த்தையை மாத்தினதுதான். ஆனா அப்பா இறந்துபோன பிள்ளைக்கும், அப்பா விட்டுட்டுப் போன பிள்ளைக்கும், பாட்டி வளர்க்கிற பிள்ளைக்கும் சேர்த்து அது உதவுச்சு. நான் தலைமை ஆசிரியை ஆன பிறகு பள்ளிக்கூடம் முழுசுக்கும் அதையே வழக்கமாக்கினேன். படையில இருக்கிறவங்க பிள்ளைக்காக ஒரு பள்ளிக்கூடம் செய்ற எந்த நல்ல காரியமும் மத்தப் பிள்ளைங்களுக்கும் போய்ச் சேரும்.

இந்தப் பிள்ளைங்களுக்கு வர்ற கஷ்டம் மூணு வகை. முதலாவது, ஊர் மாறுறது. அப்பாவுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்கிற இடத்துக்குக் குடும்பம் போகும், அடுத்த மாற்றல் வந்தா ஊருக்குத் திரும்பும். நடு வருஷத்துல நவம்பர்லயும் வருவாங்க, ஜனவரியிலயும் வருவாங்க. ஒரு தங்கச்சி நடு வருஷத்துல பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கு. பேரு வேணாம். பழைய பள்ளியிலிருந்து டி.சி. வரலைன்னு சொல்லி ஒரு மாசத்துக்கு மேல திருப்பி அனுப்பியிருக்காங்க. பிள்ளை வீட்டுலயே உட்கார்ந்திருக்கு.

இதை எல்லாரும் மனசுல வச்சுக்குங்க. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல வந்து, 2010 ஏப்ரல் 1-லிருந்து அமல்ல இருக்கு. 6 வயசுலேர்ந்து 14 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கான சட்டம் அது. டி.சி. வரத் தாமதமாகுதுங்கிற காரணத்துக்காக ஒரு பிள்ளையைச் சேர்க்காம தள்ளிப்போடக் கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. வயசுச் சான்று இல்லைன்னும் திருப்பி அனுப்பக் கூடாது. சேர்க்கை முடிஞ்சுபோச்சுன்னும் சொல்லக் கூடாது. அந்தப் பிள்ளை எந்த வயசோ அந்த வயசுக்கு உரிய வகுப்புல சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி கொடுக்கணும். கெஞ்ச வேண்டியதே இல்லை, சட்டப்படி கேட்கலாம்.

சேர்த்த பிறகு மொழிப் பிரச்சினை வரும். பதான்கோட்டுல ரெண்டு வருஷம் படிச்சுட்டு ஒரு பையன் மூணாங்கிளாஸ்ல வந்து சேர்ந்தான். தமிழ் நல்லா பேசுவான், எழுத வராது. கணக்குப் போடும்போது வாய் ஏக், தோ, தீன்னு ஹிந்தியில எண்ணும். தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் ஒண்ணாங்கிளாஸ்ல உட்கார வைக்கலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. வேணாம்னு நான் சொல்லிட்டேன். சின்னப் பிள்ளைங்க நடுவுல உட்கார வச்சா அவனுக்கு எழுத்து வர்றதுக்கு முன்னாடி வெட்கம் வந்துடும். அதுக்குப் பதிலா நல்லா எழுதுற ஒரு பொண்ணோட ஜோடி சேர்த்தோம். அவ அவனுக்குத் தினமும் நாலு எழுத்து, அவன் அவளுக்கு நாலு ஹிந்தி வார்த்தை. முழு ஆண்டுப் பரீட்சைக்கு அவன் தமிழ்ல எழுதினான். தப்பும் தவறுமாத்தான் எழுதினான், ஆனா எழுதினான்.

மாற்றலாகிப் போறவங்க பிள்ளைங்களுக்குன்னே நாட்டுல ஒரு ஏற்பாடு இருக்கு. கேந்திரிய வித்யாலயாவைத்தான் சொல்றேன். 1963-64-ல ராணுவ ரெஜிமெண்டுகள் நடத்தின 20 பள்ளிக்கூடங்களை எடுத்துக்கிட்டுத்தான் அது ஆரம்பிச்சுது. எந்த ஊருக்குப் போனாலும் ஒரே பாடத்திட்டம். நம்ம ஊர்ல ஜிப்மர் வளாகத்துல ஒண்ணு இருக்கு. அங்கே சேர்க்கையில, போன ஏழு வருஷத்துல அப்பாவுக்கு எத்தனை மாற்றல் வந்துச்சுன்னு எண்ணிப் பார்த்து முன்னுரிமை கொடுப்பாங்க. ஆனா எல்லாருக்கும் அங்கே இடம் கிடைக்காது. பலருக்குத் தூரமும் ஒத்து வராது. அதனால நம்ம வீட்டுப் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளிதான் இந்தப் பிள்ளைங்களைத் தாங்கணும்.

ரெண்டாவது கஷ்டம், அப்பா வர்றதும் போறதும். அப்பா லீவுல வந்திருக்கும்போது ரெண்டு மூணு நாள் பிள்ளை வரலைன்னா நாங்க பெரிசு பண்ண மாட்டோம். பாடத்தைக் கொடுத்து அனுப்பிடுவோம். பல வருஷம் பார்த்ததுல ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். கவனிக்க வேண்டியது அப்பா வர்ற நாளை இல்லை, லீவு முடிஞ்சு போன மறுநாளை. ராத்திரி பஸ் ஏறி சென்னை போய், சென்ட்ரல்ல வடக்கே போற வண்டியைப் பிடிக்க அப்பா கிளம்பியிருப்பார். மறுநாள் காலையில பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரும். ஒண்ணு, பேசாம உட்கார்ந்திருக்கும். இல்லைன்னா, பக்கத்துப் பிள்ளையை அடிக்கும். காரணம் தெரியாத டீச்சர் அதுக்கு ரெண்டு திட்டு கொடுப்பாங்க. காரணம் தெரிஞ்ச டீச்சர், "வா, இந்த நோட்டையெல்லாம் எனக்கு எடுத்து அடுக்கிக் கொடு"ன்னு பக்கத்துல வச்சுக்குவாங்க. இதுக்குச் செலவு ஒண்ணும் கிடையாது. அம்மா முன்னாடி நாளே, "இன்னைக்கு ராத்திரி அவர் கிளம்புறார் டீச்சர்"னு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான்.

இதுலயும் நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன். ஒரு சுதந்திர தின விழாவுல, படைவீரர் பிள்ளைன்னு பெருமையா நினைச்சு ஒரு சின்னப் பொண்ணை மேடையில ஏத்தி, அப்பாவைப் பத்திப் பேசச் சொன்னோம். மைக்கைப் பிடிச்சதும் அழ ஆரம்பிச்சுடுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க, அது இன்னும் அழுதுச்சு. பிள்ளையைக் கேட்காம மேடையில ஏத்தக் கூடாதுன்னு அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன்.

மூணாவது கஷ்டம் பயம். அதைப் பேசத்தான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கு.

2019 பிப்ரவரி 14, வியாழக்கிழமை. புல்வாமாவுல சி.ஆர்.பி.எஃப். வண்டி மேல நடந்த தாக்குதல்ல 40 வீரர்கள் இறந்தாங்க. அதுல ரெண்டு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைங்க. அப்போ எங்க பள்ளியில நாலாங்கிளாஸ்ல ஒரு பொண்ணு படிச்சுது. அவ அப்பா சி.ஆர்.பி.எஃப்.ல இருந்தார். காஷ்மீர்ல இல்லை, சத்தீஸ்கர்ல. ஆனா அவர் இருந்த காட்டுக் கேம்ப்புல சிக்னல் கிடையாது. ராத்திரி முழுக்க போன் போகலை. அவங்க அம்மாவுக்கு அவர் சத்தீஸ்கர்லதான் இருக்கார்னு தெரியும். தெரிஞ்சும் மனசு கேட்கலை, ஒருவேளை திடீர்னு அனுப்பியிருப்பாங்களோன்னு.

அன்னைக்கு ராத்திரி அந்த வீட்டுல யார் இருந்தாங்க தெரியுமா? அவங்க மகளிர் குழு உறுப்பினர்கள். அஞ்சு பேர் போய் உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தர் டி.வி.யை நிறுத்தியிருக்காங்க, ஒருத்தர் பிள்ளைங்களுக்கு இட்லி ஊத்தியிருக்காங்க, ஒருத்தர் காலையில ஆறு மணிக்கு எனக்கு போன் பண்ணினாங்க. அந்த போன் வரலைன்னா எனக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது.

பிள்ளையை அனுப்புறதா வேணாமான்னு அம்மாகிட்டயே கேட்டேன். "வீட்ல இருந்தா என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருக்கும் டீச்சர். பள்ளிக்கூடத்துக்கே வரட்டும்"னு சொன்னாங்க. காலை வழிபாட்டுல இறந்த வீரர்களுக்காக ரெண்டு நிமிஷம் நின்னோம். அதுக்கு மேல யாரும் எதுவும் விவரிக்கக் கூடாதுன்னு டீச்சர்ங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிட்டேன். அப்படியும் ஒரு பையன் அவகிட்ட, "உங்கப்பாவும் செத்துட்டாரா?"ன்னு கேட்டுட்டான். கெட்ட எண்ணம் இல்லை, எட்டு ஒன்பது வயசு, கேட்கத் தோணுச்சு கேட்டுட்டான். வகுப்பு டீச்சர் அவனைத் திட்டலை. "அவங்க அப்பா வேற ஊர்ல இருக்கார். போன் வரும், எல்லாரும் காத்திருக்கோம்"னு பொய் கலக்காம சொன்னாங்க. நல்லாத்தான் இருக்கார்னு சொல்லலை. அது எங்க யாருக்கும் தெரியாதில்லையா?

பள்ளிக்கூட நம்பரை அம்மா கொடுத்து வச்சிருந்தாங்க. மதியச் சாப்பாட்டு மணி அடிச்ச பிறகு போன் வந்துச்சு. ஆயாம்மா வராந்தாவுல ஓடின ஓட்டம் இன்னும் என் கண்ணுல நிக்குது. அந்தப் பொண்ணு ஒரு நிமிஷம் பேசுச்சு. அப்புறம் போய்த் தட்டை எடுத்துக்கிட்டு வரிசையில நின்னு சாப்பிட்டுச்சு. அந்த நேரத்துல 40 வீடுகள்ல போன் வராதுங்கிறதையும் நினைச்சுக்கிட்டேன்.

வெளிநாடுகள்ல இதுக்குத் தனி ஏற்பாடே இருக்கு. இங்கிலாந்துல 2011-லேர்ந்து, படையில இருக்கிறவங்க பிள்ளை ஒவ்வொண்ணுக்கும் இவ்வளவுன்னு அரசுப் பள்ளிக்கூடத்துக்கே கூடுதல் பணம் தர்றாங்க. அதை வச்சு, பிள்ளைங்க மனசுவிட்டுப் பேச ஒரு ஆள், விட்டுப்போன பாடத்துக்கு ஒரு டீச்சர்னு வைக்கலாம். பிரான்ஸ்ல 1917-லேயே, போர்ல அப்பாவை இழந்த பிள்ளைங்களை நாடே தத்தெடுத்துக்கிற மாதிரி சட்டம் போட்டாங்க. நம்ம நாட்டுல பள்ளிக்கூடத்துக்குன்னு தனிப் பணம் எதுவும் வர்றதில்லை, குடும்பத்துக்குத்தான் வருது. அதனால அதைத் தவற விடாதீங்க. சுருக்கமா சொல்லிடறேன், ஊக்குநர்கள் குறிச்சுக்குங்க.

வேலையில இருக்கிறவங்களுக்கு, அது ராணுவமானாலும் சி.ஆர்.பி.எஃப். ஆனாலும், குழந்தைகள் கல்விப் படி உண்டு. 2024 ஜனவரியிலேர்ந்து ஒரு பிள்ளைக்கு மாசம் 2,812 ரூபாய் 50 காசு, ரெண்டு பிள்ளை வரைக்கும். எவ்வளவு செலவாச்சுன்னு கணக்குக் காட்ட வேண்டியதில்லை. வருஷக் கடைசியில தலைமை ஆசிரியர் கொடுக்கிற ஒரு சான்றிதழ் போதும். அந்தச் சான்றிதழை இழுத்தடிக்காம கொடுக்கிறதும் பள்ளிக்கூடம் செய்ற உதவிதான்.

ஓய்வு பெற்ற முன்னாள் ராணுவத்தினர்ல ஹவில்தார் பதவி வரைக்கும் உள்ளவங்க பிள்ளைங்களுக்கு, ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து பட்டப்படிப்பு வரைக்கும் கேந்திரிய சைனிக் போர்டு கல்வி உதவி தருது. மாசம் 1,000 ரூபாயா இருந்ததை 2025 நவம்பர்லேர்ந்து 2,000 ஆக்கியிருக்காங்க. இது தரைப்படை, கடற்படை, விமானப்படைக்குத்தான். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். எல்லாம் உள்துறை அமைச்சகத்துக்குக் கீழே வருது, அவங்களுக்கு நல வாரியம் தனி. இது தெரியாம அலுவலகம் மாத்தி அலுவலகம் அலையாதீங்க.

போர்ல உயிர் விட்ட ராணுவ வீரர்கள் பிள்ளைங்களுக்குப் படிப்புச் செலவைப் பாதுகாப்பு அமைச்சகமே ஏத்துக்குது. 2017-ல அதுக்கு மாசம் 10,000 ரூபாய்னு வரம்பு கட்டினாங்க. பல பக்கமும் எதிர்ப்பு வந்துச்சு, 2018 மார்ச்சுல எடுத்துட்டாங்க. கேட்டா கிடைக்கும்ங்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

கடைசியா, உங்ககிட்ட மூணு வேண்டுகோள்.

ஒண்ணு, பள்ளி மேலாண்மைக் குழு. அதுல முக்கால்வாசிப் பேர் பெற்றோரா இருக்கணும், உறுப்பினர்ல பாதிப் பேர் பெண்களா இருக்கணும்னு சட்டமே சொல்லுது. நம்ம ஆளுங்க அங்கே கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறாங்க. இனிமே உட்கார்ந்து பேசுங்க. "நடு வருஷத்துல வந்த பிள்ளை எத்தனை? அதுங்களுக்கு என்ன ஏற்பாடு?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க.

ரெண்டு, உங்க தெருவுக்குப் புதுசா ஒரு குடும்பம் வந்திருந்தா, அட்மிஷனுக்கு அந்தத் தங்கச்சியைத் தனியா அனுப்பாதீங்க. கூட ஒருத்தர் போங்க. பேங்க்குக்குத் தனியா போனா ஒரு மரியாதை, குழுவா போனா ஒரு மரியாதைன்னு உங்களுக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான்.

மூணு, குழுக் கூட்டத்துக்கு அடிக்கடி லேட்டா வர்ற, பாதியில எழுந்து போற உறுப்பினருக்கு உடனே அபராதம் போட்டுடாதீங்க. ஒரு ஊக்குநர் என்கிட்ட சொன்னாங்க. ராத்திரி எட்டு மணிக் கூட்டத்துல ஒருத்தி எட்டரைக்கெல்லாம் ஓடிடுவாளாம். மூணு தடவை அபராதம் கட்டியிருக்கா, காரணம் சொல்லலை. அப்புறம்தான் தெரிஞ்சுது, அவ வீட்டுக்காரருக்கு சிக்னல் கிடைக்கிறது அந்த அரை மணி நேரம்தான். அந்த நேரத்துல பிள்ளைங்க ரெண்டும் அப்பாகிட்ட அன்னைக்குப் படிச்ச பாடத்தை ஒப்பிக்குமாம். இப்போ அந்தக் குழு கூட்டத்தை ஏழு மணிக்கு மாத்தியிருக்கு. தீர்மான நோட்டுல எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு மாத்தியிருக்காங்க.

அந்த நோட்டை நான் வாங்கிப் பார்த்தேன். காரணம்ங்கிற இடத்துல, "உறுப்பினரின் பிள்ளைகள் படிப்புக்காக"ன்னு எழுதியிருந்துச்சு. உங்க நோட்டுலயும் அப்படி ஒரு வரி எழுத இடம் இருக்கட்டும்.